வடக்கு ஸ்வீடனில் பத்து நாள்: பெண்கள் ஆடும் ஐஸ் ஹாக்கியைத் தேடி

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. உதட்டு வெடிப்பு இன்னும் ஆறவில்லை. போன இடத்தில் ஒவ்வொரு நாள் இரவும் எழுதி வைத்தவற்றை நாள்வாரியாகவே இங்கே போடுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரில் கடலைமிட்டாய்க்கு அடுத்தபடி பேர் போனது ஹாக்கி. பள்ளியில் ஆடினேன், கல்லூரியில் ஆடினேன், இருபத்திரண்டு வயதில் மட்டையைப் பரண்மேல் போட்டேன். இப்போது உடற்கல்வி ஆசிரியை. வடக்கு ஸ்வீடனில் லூலியோ என்ற ஊரில் ஆராய்ச்சி செய்யும் தம்பி மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "இங்கே பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் நடக்கிறது அக்கா. பருவம் பாதியில் இருக்கும்போது வந்து பார்" என்றான். ஈட்டிய விடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு என் அணியின் கோல்கீப்பர் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. பத்தாம் வகுப்பு. "பரீட்சை வருகிறது டீச்சர், இனிமேல் அனுப்ப முடியாது" என்று அவள் அம்மா போனில் சொன்னார். அந்தக் குரல் விமானத்திலும் காதை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 9, ஸ்டாக்ஹோம்

மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. தரையில் விழுந்ததும் சேறாகிறது. பழுப்புச் சேறு, காலணிக்குள் ஏறும் குளிர். ஒரு குரோனாவுக்கு நம் காசில் ஒன்பது ரூபாய்க்குக் குறையாது. ஒரு காபியும் இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டியும் 85 குரோனா. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, ஒரு மணி நேரம் சாப்பிட்டேன். ஏலக்காய் மணம் நன்றாகவே இருந்தது. மாவிலேயே ஏலக்காய் போட்டுப் பிசைகிறார்கள்.

உதட்டுக்குத் தடவ ஏதாவது வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். உள்ளே நாலைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தார்கள். வரிசை என்று எதுவும் இல்லை. நேராகக் கவுண்டருக்குப் போய்விட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்காரப் பெண் மட்டும் வாசலோரம் இருந்த சிறிய இயந்திரத்தைக் கையால் காட்டினார். அதில் எண் போட்ட சீட்டைக் கிழித்துக்கொண்டு, எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். என் சீட்டு 47. திரும்பி வந்தபோது 44-ஆம் எண்காரர் எனக்காகச் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

ஜனவரி 10, டாண்டரிட்

முதல் ஆட்டம். மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து பஸ். டாண்டரிட் ஸ்டாக்ஹோமை வடக்கே ஒட்டிய புறநகர். இங்குள்ள அணியின் பெயர் எஸ்டிஇ. ஸ்டாக்சுண்ட், டாண்டரிட், எனேபிபெரி என்று அக்கம்பக்கத்து மூன்று பகுதிகளின் முதலெழுத்துகள்.

பெரிய அரங்கத்தை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே நுழைந்ததும் ஈரக் கையுறையும் ரப்பர் விரிப்பும் காபியும் கலந்த ஒரு வாடை. எங்கள் பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்தால் வருமே, அதற்குக் குளிரூட்டினால் இப்படித்தான் இருக்கும். டிக்கெட் வாங்கும் மேசையில் இரண்டு அம்மாக்கள். காபிக் கெட்டிலுக்குப் பின்னால் ஒரு அப்பா. பார்க்க வந்தவர்கள் இருநூறு முந்நூறு பேர் இருக்கலாம். நாட்டின் மிக உயர்ந்த பெண்கள் லீக் ஆட்டம் இது.

அந்த லீக்கின் பெயர் ஸ்வென்ஸ்கா டாம்ஹாக்கிலீகன். எல்லாரும் சொல்வது எஸ்டிஹெச்எல். 2007-ல் வேறு பெயரில் தொடங்கியது, 2016-ல் இந்தப் பெயருக்கு மாறியது. பத்து அணிகள். செப்டம்பர் முதல் வசந்தம் வரை ஒவ்வோர் அணிக்கும் 36 ஆட்டங்கள். முதல் எட்டு இடங்களைப் பிடிப்பவர்கள் பிறகு பட்டத்துக்கு மோதுவார்கள்.

ஹாக்கி தெரிந்த கண்ணுக்கு இதில் முதலில் உறைப்பது பலகைச் சுவர். நம் ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டினால் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இங்கே களத்தைச் சுற்றிப் பலகையும் அதன்மேல் கண்ணாடித் தடுப்பும் இருப்பதால் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான ரப்பர் வட்டு) வெளியே போவதே அபூர்வம். சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது. முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடியதும் ஐந்து பேரும் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிக்க, வேறு ஐந்து பேர் இறங்குகிறார்கள். அதற்கும் ஆட்டம் நிற்பதில்லை. இருபது நிமிடமாக மூன்று பகுதி.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது வீட்டு அணியின் கோல்கீப்பரை. ஆட்டம் தொடங்குமுன் கோலுக்கு முன்னால் உள்ள பனிக்கட்டியை ஸ்கேட்டின் விளிம்பால் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று சுரண்டிக்கொண்டே இருந்தார். வழுக்கும் பளபளப்பு போய், அரைத்த தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளைத் துகள் குவிந்தது. அதை மட்டையால் கம்பத்தோரம் ஒதுக்கினார். பிறகு மட்டையால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. தலையைத் திருப்பிப் பார்க்காமலே தட்டினார். கம்பம் எங்கே என்று முதுகுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் என் கோல்கீப்பர் பிள்ளையிடம் ஒரு வருடமாக நான் சொல்லிவந்தது இதைத்தான்.

இரண்டாம் பகுதியில் பலகையோரம் பக்கைத் துரத்திய ஒரு பெண்ணை இன்னொருத்தி தோளால் நெருக்கிச் சுவரோடு சாத்தினாள். கண்ணாடி முழுக்க அதிர்ந்தது. நடுவர் விசில் ஊதவில்லை. 2022-23 பருவத்திலிருந்துதான் இங்கே பெண்களுக்கு இதை அனுமதித்திருக்கிறார்கள். உலகிலேயே இப்படிச் செய்த முதல் பெண்கள் லீக் இது. எப்படி வேண்டுமானாலும் மோதிவிட முடியாது. இருவரும் ஒரே திசையில் பக்கை நோக்கிப் போகையில், உடலால் இடத்தைப் பிடிக்கலாம். "பெண் பிள்ளைகள், அடிபட்டுவிடும்" என்ற பேச்சைக் கேட்டே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். சாத்தப்பட்டவள் எழுந்து, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, அடுத்த பக்குக்கு ஓடினாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். சுற்றி யாரும் தட்டவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போன காட்சி.

இடைவேளையில் காபி ஊற்றிய அப்பா நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். 2006 டூரின் ஒலிம்பிக் அரையிறுதியைப் பற்றி அவராகவே பேச ஆரம்பித்தார். அமெரிக்காவுக்கு எதிராக இரண்டு கோல் பின்தங்கியிருந்த ஸ்வீடனுக்கு மரியா ரூத் இரண்டு கோலையும் அடித்தார், கோலில் கிம் மார்ட்டின் சுவராக நின்றார், கடைசியில் பெனால்டியில் ஜெயித்தார்கள். பெண்கள் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவும் கனடாவும் அல்லாத ஓர் அணி நின்றது அந்த ஒரு தடவைதான். "என் மகள் அப்போது பிறக்கவில்லை. இப்போது அவளும் கோல்கீப்பர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் காபி ஊற்றப் போனார்.

ஜனவரி 11, 12: இரவு ரயில்

ஸ்டாக்ஹோமிலிருந்து லூலியோ சுமார் 900 கிலோமீட்டர். மாலையில் ஏறினால் காலையில் போய்ச் சேர வேண்டும். எங்கள் ரயில் நள்ளிரவுக்குப் பிறகு ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எஞ்சின் கோளாறு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மூன்று மணிக்குப் பெட்டியில் வெப்பமும் போய்விட்டது. வெளியே மைனஸ் 22.

ஆறு பேர் படுக்கும் அறை அது. அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படுத்திருந்தவர்கள், குளிர் ஏறியதும் எழுந்து உட்கார்ந்தார்கள். கூச்சல் இல்லை, டிக்கெட் பரிசோதகரோடு சண்டை இல்லை. மேல்படுக்கைப் பெரியவர் தன் குடுவையிலிருந்து சூடான கருந்திராட்சைச் சாறு ஊற்றிக் கொடுத்தார். நான் கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பிரித்தேன். ஒரு கல்லூரிப் பெண் தன் ஸ்லீப்பிங் பேக்கைத் திறந்து என் கால்மேலும் போட்டாள். இவ்வளவும் நடந்து முடிந்தும் மொத்தமாகப் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். காலை ஏழு மணிக்கு வேறு எஞ்சின் வந்தது. ஏழு மணி நேரம் தாமதமாக லூலியோவில் இறங்கினேன். தம்பி நடைமேடையில் எனக்காக ஒரு கனத்த கோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றான்.

ஜனவரி 13, லூலியோ

மைனஸ் 26. மூச்சை இழுத்தால் மூக்கு முடி ஒன்றோடொன்று ஒட்டுகிறது. இமையில் பனி கோக்கிறது. ஒன்பதரைக்கு விடிந்து, பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் சூரியன் உச்சிக்கு ஏறுவதில்லை. அடிவானத்தை ஒட்டி, மரங்களின் இடுப்பு உயரத்தில் உருண்டு போய்விடுகிறது. ஆனால் அந்த ஒளி இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பனிமேல் படுவதைப் பார்த்தபோது குளிர் மறந்துபோனது.

ஊரைச் சுற்றிக் கடல். கடல் உறைந்திருக்கிறது. அதன்மேல் கிலோமீட்டர் கணக்கில் பாதை போட்டு, தினமும் பனியை வழித்துப் பராமரிக்கிறார்கள். குழந்தைவண்டி தள்ளும் அப்பாக்கள், நாய்கள், ஸ்கேட் போட்டவர்கள் என்று கடல்மேல் ஊரே நடக்கிறது. நின்றபடி காலால் உந்திப்போகும் ஒரு நாற்காலிச் சறுக்குவண்டி இருக்கிறது. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் காய்கறிப் பையை அதில் வைத்து உந்திக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி "பால்ட்" சாப்பிடக் கூட்டிப்போனான். துருவிய உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து, உள்ளே பன்றி இறைச்சி வைத்து வேகவைக்கும் உருண்டை. பக்கத்து ஊரான பித்தியோதான் அதற்குப் பேர் போனது. நான் பன்றி சாப்பிடுவதில்லை. உள்ளே எதுவும் வைக்காத தட்டைப் பால்ட்டும் உண்டு என்று அதைக் கொண்டுவந்தார்கள். மேலே வெண்ணெய், பக்கத்தில் புளிப்பும் இனிப்புமான லிங்கன் பழக் கூழ். கொழுக்கட்டைக்கு மாங்காய்ப் பச்சடி தொட்டுத் தின்ற மாதிரி இருந்தது. சாலட், ரொட்டி, காபி எல்லாம் சேர்த்து 130 குரோனா. ஸ்டாக்ஹோமில் ரொட்டியும் காபியும் வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் மலிவு. இரண்டு உருண்டைக்குமேல் முடியவில்லை. சாப்பிட்டதும் வரும் தூக்கத்துக்கு இங்கே தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கும் அது வந்தது.

ஜனவரி 14, லூலியோ

இந்தப் பயணத்தின் காரணமே இன்றைய ஆட்டம். லூலியோ பெண்கள் அணி 2018 முதல் 2024 வரை, கொரோனாவால் பட்டம் யாருக்கும் இல்லாமல் போன 2020 தவிர, எல்லா வருடமும் பட்டம் வென்றது. 2016-லும் வென்றிருக்கிறது. அணியின் முழுப் பெயர் லூலியோ எச்எஃப் / எம்எஸ்எஸ்கே. பின்னால் ஒட்டியிருக்கும் நாலெழுத்து பித்தியோவின் முங்க்சுண்ட் கிளப்பைக் குறிக்கிறது. அங்கே ஆடிவந்த பெண்கள் அணியை 2015-ல் லூலியோ எடுத்துக்கொண்டபோது, பழைய வீட்டுப் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது.

வாசலில் என் போன் செத்துவிட்டது. புறப்படும்போது 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. பத்து நிமிட நடையில் குளிர் அதைக் குடித்துவிட்டது. டிக்கெட் போனுக்குள்ளே. தம்பி பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. டிக்கெட் பார்க்கும் பெண் என் போனை வாங்கித் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தன் கோட்டுக்குள், அக்குளுக்குப் பக்கம் வைத்துக்கொண்டு மற்றவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் போன் உயிர் பெற்றது. "இனிமேல் உள்சட்டைக்குள் வையுங்கள்" என்றார்.

உள்ளே சோதனை நம்பர் இரண்டு. கடையில் என் கார்டு வேலை செய்யவில்லை. கையில் காசு இருக்கிறது, ஆனால் காசு வாங்க மாட்டார்கள். இங்கே எல்லாரும் போனில் ஸ்விஷ் என்ற முறையில் பணம் அனுப்புகிறார்கள். அதற்கு இந்த நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும். பின்னால் நின்ற நீலக் குல்லாய் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் என் காபிக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார். நோட்டை நீட்டினேன், தலையாட்டி மறுத்தார். அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். கடலைமிட்டாய் கொடுத்ததும் பேச்சு வந்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மருத்துவமனையில் செவிலியர். சிறுமியாக இருந்தபோது பையன்கள் அணியில் ஆடியவர், ஏனென்றால் அவர் ஊரில் பெண்களுக்கென்று அணி கிடையாது. உடைமாற்ற அறை தரவில்லையாம். துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையில்தான் ஸ்கேட் கட்டுவாராம். "இன்றும் இதோ ஆடுகிறார்களே, இவர்களில் பலர் நாளைக் காலை வேலைக்கோ வகுப்புக்கோ போக வேண்டும். ஹாக்கிச் சம்பளம் மட்டும் போதாது" என்றார். 2019-ல் தேசிய அணியின் 43 வீராங்கனைகள் ஒன்றாகச் சேர்ந்து ஃபின்லாந்தில் நடந்த போட்டிக்குப் போக மறுத்ததை அவர்தான் சொன்னார். ஊதியம், காப்பீடு, பயண வசதி என்று கேட்டார்கள். "43 பேர். ஒருத்திகூடப் பின்வாங்கவில்லை" என்று விரலால் முழங்காலைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

ஆட்டம் டாண்டரிட்டில் பார்த்ததைவிட வேகம். பெரிய அரங்கில் பாதிக்குமேல் இருக்கைகள் காலி. ஆனால் கோலுக்குப் பின்னால் நின்று முரசடிக்கும் கூட்டம் அறுபது நிமிடமும் ஓயவில்லை. ஃபின்லாந்து தேசிய அணியைப் பல வருடம் வழிநடத்திய, 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான யென்னி ஹீரிகோஸ்கி பல பருவங்கள் இந்த ஊருக்காகத்தான் ஆடினார். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் ஆடினார். அவர் பெயரும் எண்ணும் போட்ட சட்டையோடு ஒரு சிறுமி எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சட்டை முழங்கால் வரை தொங்கியது.

லூலியோ ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கின. தோற்ற அணி அன்றிரவே பஸ் ஏற வேண்டும். தென்மேற்கே இருக்கும் யோத்தேபோரி (கோதன்பர்க்) நகரிலிருந்து வரும் ஃப்ரோலுண்டா அணிக்கு இங்கே ஓர் ஆட்டம் ஆட 1,200 கிலோமீட்டருக்குமேல் பயணம். 2025-ல் லூலியோவின் தொடர் ஆட்சியை முடித்து முதல் பட்டம் வென்றது அந்த அணிதான்.

நீலக் குல்லாய் அம்மாவிடம் கேட்க நினைத்ததைக் கடைசியில் கேட்டுவிட்டேன். "நீங்கள் எப்போது ஆடுவதை நிறுத்தினீர்கள்?" அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன். "நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரைக்கு எங்களுக்கு ஹால் கிடைக்கும். பதினான்கு பேர் இருக்கிறோம்" என்றார்.

ஜனவரி 15, பொங்கல்

வெல்லமும் பச்சரிசியும் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். மின்சார அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தட்டில் பட்டுக் கருகி, புகை கிளம்பி, கூரையிலிருந்த அபாயமணி அலறத் தொடங்கிவிட்டது. "பொங்கலோ பொங்கல்" சொல்ல வேண்டிய நேரத்தில் தம்பி நாற்காலிமேல் ஏறித் துண்டை வீசிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டுப் பெரியவர் கம்பளிக் காலுறையோடு ஓடிவந்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்பப் போனவரை உட்காரவைத்துப் பொங்கல் கொடுத்தோம். சூரியனுக்கு நன்றி சொல்லும் பண்டிகை என்றதும் அவர் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் உறைந்த கடலுக்கு அப்பால் சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. மூன்று பேரும் சன்னலில் போய் நின்றோம். பெரியவர் தன் கிண்ணத்தையும் கையிலெடுத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாலையில் அவர் வீட்டில் காபி. வெள்ளைப் பாலாடைக்கட்டியைச் சதுரமாக வெட்டிக் கோப்பையில் போட்டு, அதன்மேல் கொதிக்கும் காபியை ஊற்றினார். கட்டி கரையவில்லை. கரண்டியால் எடுத்து மென்றால் பல்லுக்கிடையில் கிறீச்சிடுகிறது. பன்னீரைக் காபியில் ஊறவைத்த மாதிரி. எனக்குப் பிடித்துவிட்டது.

ஜனவரி 17, லூலியோ

காலை ஏழரைக்குச் சிறுமிகள் பயிற்சி. எட்டு, ஒன்பது வயது. இருட்டில் கார்கள் வந்து நிற்க, தங்கள் உயரத்துக்குப் பையை இழுத்துக்கொண்டு குழந்தைகள் இறங்கினார்கள். உடைமாற்றும் அறை வாசலில் அப்பாக்கள் மண்டியிட்டு ஸ்கேட் கயிறு இறுக்கினார்கள். ஒவ்வொரு கண்ணியாக இழுத்து, முழங்காலால் அழுத்தி, மறுபடி இழுத்து. பயிற்சியாளருக்கு இருபது வயதுதான் இருக்கும். இருபத்தெட்டுக் குழந்தைகளை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒரே களத்தில் ஐந்து விதப் பயிற்சி கொடுத்தார். ஒரு குழந்தையும் வரிசையில் சும்மா நிற்கவில்லை. எப்படிப் பிரித்தார் என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். அரைக் களமும் பன்னிரண்டு மட்டையும் வைத்துக்கொண்டு நானும் இதைச் செய்யலாம்.

பயிற்சி முடிந்ததும் பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து நீட்டினேன். பயிற்சியாளர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒரு குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாமை, வாசலிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. எனக்கு உடம்பே ஆடிப்போனது. பாக்கெட்டை வெளியே கொண்டுபோய்க் கட்டிவைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் கொடுக்க நினைத்தீர்களே" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவ்வளவு சாமானை எப்படி வாங்குகிறார்கள் என்ற என் கேள்விக்குப் பாதி விடையும் அவரே சொன்னார். ஃப்ரீட்டிட்ஸ்பாங்கன் என்று விளையாட்டுச் சாமான்களுக்கான நூலகம் மாதிரி ஒன்று நாடெங்கும் பல ஊர்களில் இருக்கிறது. யாரோ கொடுத்த ஸ்கேட், தலைக்கவசம், மட்டை எல்லாம் அங்கே வரும். இரண்டு வாரத்துக்கு இலவசமாக எடுத்துப்போகலாம். கோவில்பட்டியில் எத்தனை பரணில் எத்தனை மட்டை கிடக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன். என்னுடையதையும் சேர்த்து எனக்கே ஒன்பது தெரியும்.

பிற்பகல் இருட்டுமுன் காம்மெல்ஸ்டாட். பதினைந்தாம் நூற்றாண்டுக் கல் தேவாலயத்தைச் சுற்றி 424 சிவப்பு மரவீடுகள். 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இந்த வீடுகளில் யாரும் நிரந்தரமாகக் குடியிருந்ததில்லை. தூரத்துக் கிராமங்களிலிருந்து பூசைக்கு வந்தால் அன்றே திரும்ப முடியாது என்பதால், இரவு தங்கக் கட்டிக்கொண்டவை. நம் கோயில் ஊர்ச் சத்திரங்கள் போல. இந்த வடக்கில் எதற்கும் முதலில் தூரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரி 18, ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்

நேற்றிரவே தம்பியிடம் விடைபெற்றுத் தெற்கே கிளம்ப வேண்டியிருந்தது. ஷெலெஃப்டியோவில் இறங்கி, மரத்தாலேயே கட்டிய இருபது மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தேன், அங்கேயே ஓர் இரவு. காலையில் மீண்டும் பஸ், பிறகு உமியோவில் ரயில். ஊர்ப்பெயர் வாயில் நுழையாதவர்களுக்காகவே போலும், இங்குள்ளவர்கள் ஓ-விக் என்று சுருக்கிவிட்டார்கள்.

ஊர் நடுவிலேயே மலை, மலைச்சரிவில் பனிச்சறுக்குத் தாண்டல் மேடை, கீழே துறைமுகம், துறைமுகத்தோரம் ஹாக்கி அரங்கம். பீட்டர் ஃபோர்ஸ்பெரி, செடின் இரட்டையர், விக்டர் ஹெட்மன் என்று உலகம் அறிந்த ஆண் ஆட்டக்காரர்கள் இந்தச் சின்ன ஊர்க்காரர்கள். மரக்கூழ் ஆலைக் கம்பெனியின் பெயரிலிருந்து வந்த மோடோ கிளப் அவர்களை வளர்த்தது. அதே கிளப்பின் பெண்கள் அணியைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மோடோ தோற்றது. ஊர்க்காரர்கள் முனகாமல் கைதட்டிவிட்டுப் போனார்கள். நான் பார்த்தது பிறகு நடந்ததை. அரங்கத்தின் பின்வாசலில் விருந்தினர் அணியின் பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. ஈரத்தலையில் குல்லாய் போட்ட பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் பையைத் தாங்களே வயிற்றறையில் ஏற்றினார்கள். ஒருவர் பையை வாங்கி இன்னொருவர் உள்ளே தள்ள, இருபதுக்குமேல் பை ஐந்தே நிமிடத்தில் ஏறியது. படிக்கட்டில் அலுமினியத் தாள் மூடிய சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக வந்தது கோல்கீப்பர். பையின் கனத்தால் உடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அக்குளில் தடித்த புத்தகம் ஒன்று, நடுவில் பென்சில் செருகியிருந்தது. ஏறி, சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, தலைக்குமேல் விளக்கைப் போட்டு, புத்தகத்தைத் திறந்தார். சாப்பாட்டை அதன்பிறகுதான் பிரித்தார். மணி ஒன்பதரை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் வளைவில் திரும்பும்வரை அந்த ஒரு விளக்கு தெரிந்தது.

ஜனவரி 19, ஓ-விக் ரயில் நிலையம்

ரயில் வர நாற்பது நிமிடம். போன் உள்சட்டைக்குள் சூடாக இருந்தது. இங்கே காலை எட்டரை என்றால் ஊரில் பகல் ஒன்று. கோல்கீப்பர் பிள்ளையின் அம்மா அப்போது தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையில் இருப்பார். கூப்பிட்டேன்.

நேற்று பார்த்ததைச் சொன்னேன். பஸ்ஸையும் புத்தகத்தையும் விளக்கையும் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் மட்டும் அனுப்புங்கள், ஆறரைக்குள் நானே வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன், பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கணக்குப் பாடம் உட்காரவைக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் பெண்கள் பேசுவதும் டிபன்பாக்ஸ் மூடும் சத்தமும் கேட்டன.

"நீங்கள் எப்போது டீச்சர் ஊருக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

"புதன்கிழமை."

"வியாழக்கிழமை வீட்டுக்கு வாங்க டீச்சர். அவளுடைய அப்பாவும் இருப்பார்" என்றார்.